கரண்ட் வராத ஊர்ல வால்வ் ரேடியோ எதுல ஓடுச்சு?

பெரம்பூர்_பையன்
எல்லாருக்கும் வணக்கம். மதுராந்தகம் பக்கத்துல தாத்தா வீட்டை இடிக்கறதுக்கு முன்னாடி பரண்ல இருந்த சாமானெல்லாம் இறக்கினப்போ ஒரு பெரிய மரப்பெட்டி ரேடியோ கிடைச்சுது, பெரம்பூருக்கு எடுத்துட்டு வந்து துடைச்சு வெச்சிருக்கேன். பின்பக்க அட்டையைக் கழட்டினா உள்ள நாலு வால்வ், அதான் பழைய ரேடியோல பல்பு மாதிரி இருக்கற கண்ணாடிக் குழாய். ஆனா சுவத்துல சொருகற ஒயரே இல்ல, அறுத்த மாதிரியும் தெரியல, நாலு பின் வெச்ச ஒரு பிளக் மட்டும் தொங்குது. ஊருக்கு லைன் வந்ததே அறுபதுகள்லதான்னு அம்மா சொல்றாங்க, அதுக்கு முன்னாடியே திண்ணைல வெச்சு மெட்ராஸ் ஸ்டேஷன் கேப்பாங்களாம். வீட்ல அரிக்கேன் விளக்கு, விசேஷம்னா பெட்ரோமாக்ஸ், அதெல்லாம் கிருஷ்ணாயில்ல எரிஞ்சுது சரி, ரேடியோவுக்கு கிருஷ்ணாயில் ஊத்த முடியாதே. எதுல ஓடிருக்கும்? இப்ப ஓட்ட முடியுமா?

ரிச்சி_ஸ்ட்ரீட்_ரெகுலர்
தம்பி, தயவுசெஞ்சு எந்த அடாப்டரையும் அதுல குடுத்துடாதீங்க, மொதல்ல இத படிங்க. அது பேட்டரி செட். வால்வுக்கு ரெண்டு விதமா கரண்ட் வேணும். உள்ள முடி மாதிரி மெல்லிசா ஒரு ஃபிலமென்ட் இருக்கும், அது சூடானாதான் எலக்ட்ரான் கிளம்பும், அதுக்கு 1.4 வோல்ட் போதும். கிளம்பின எலக்ட்ரானை உள்ள இருக்கற பிளேட்ங்கற உலோகத் தகடு தன் பக்கம் இழுக்கணும், அதுக்கு 90 வோல்ட் வேணும், ஆனா கரண்ட் பத்து மில்லி ஆம்பியர் சுமார்தான். மொதல்ல சொன்னது ஏ பேட்டரி, ரெண்டாவது பி பேட்டரி. 90 வோல்ட்டுக்கு என்ன பண்ணாங்கன்னா 1.5 வோல்ட் செல்லு அறுபதை வரிசையா கோத்து ஒரே அட்டைப்பெட்டில அடைச்சு வித்தாங்க. ஏ, பி ரெண்டும் ஒரே பெட்டில வர்ற பேக்கும் உண்டு, உங்க நாலு பின் பிளக் அதுக்குள்ள போறதுதான்.

அதுக்கும் முந்தின செட்டுல ஃபிலமென்ட்டுக்கு 2 வோல்ட் ஆசிட் பேட்டரி, கண்ணாடி ஜாடில இருக்கும். தீர்ந்தா சார்ஜ் பண்ற கடைக்குத் தூக்கிட்டுப் போகணும், அங்க ஆசிட்டோட அடர்த்தி அளக்கற ஹைட்ரோமீட்டர் விட்டுப் பாப்பாங்க, மிதவை 1.25 கிட்ட நின்னா ஃபுல், 1.18க்கு இறங்கிட்டா திரும்ப சார்ஜ்.

இன்னொரு விஷயம், இது கிராமத்துக் கதை மட்டும் இல்ல. 1924ல சி.வி. கிருஷ்ணசாமி செட்டி மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஆரம்பிச்சு ஒலிபரப்பினாரு இல்லையா, அப்ப மெட்ராஸ்ல கரண்ட் இருந்த வீட்டுலயும் வால்வ் ரேடியோ பேட்டரிலதான் ஓடுச்சு. வீட்டு ஏசி கரண்ட்டை நேரா ஃபிலமென்ட்டுக்குக் குடுத்தா ஸ்பீக்கர்ல கொர்ர்னு ஹம் வரும். சூடு பண்ற கம்பி தனி, எலக்ட்ரான் விடற கேத்தோடு தனின்னு வால்வ் வந்தப்பறம்தான், இருபதுகளோட கடைசில, ரேடியோ சுவத்து பிளக்குக்கு வந்துச்சு.

தாம்பரம்_பாட்டி
எங்க வீட்லயும் இதே மாதிரி செட்டு இருந்துதுப்பா. பேக் பேட்டரி விலை ஜாஸ்தி, அதனால நியூஸ் முடிஞ்ச உடனே அப்பா நிறுத்திடுவார், பாட்டு கேக்க ஞாயித்துக்கிழமை தனியா பர்மிஷன் வாங்கணும். பேட்டரி இறங்க இறங்க சத்தம் தேஞ்சுண்டே வரும், நாங்க பெட்டிக்கிட்ட நகர்ந்து நகர்ந்து காதை வெச்சுப்போம்.

பெட்ரோமாக்ஸ் பத்தி ஒருத்தரும் சொல்லலையே. அதுல எரியறது திரி இல்ல. தொட்டில காத்து அடிச்சு அழுத்தம் ஏத்தி, ஸ்பிரிட் ஊத்திக் குழாயை சூடு பண்ணினா கிருஷ்ணாயில் ஆவியா மேல வரும், அந்தச் சூட்டுல மேன்டில் ஜொலிக்கும். மேன்டில் புதுசா கட்டறப்போ சின்னத் துணிப்பை மாதிரி இருக்கும், ஒரு தடவை எரிஞ்சா துணி போய் வெள்ளையா வெறும் சாம்பல் கூடுதான் மிச்சம், விரல் பட்டா உதிர்ந்துடும். அந்தக் கூடு தோரியம் ஆக்சைடு, துளி சீரியம்னு எங்க கெமிஸ்ட்ரி டீச்சர் சொல்லிக் குடுத்தா.

வேளச்சேரி_ஹாம்
பெரம்பூர் ப்ரோ, ரேடியோவுக்கு கிருஷ்ணாயில் ஊத்த முடியாதுன்னு சொல்லிட்டீங்க, ஊத்திருக்காங்க! ரெண்டாம் உலகப் போருக்கு அப்பறம் சோவியத்ல டி.ஜி.கே-3ன்னு ஒண்ணு செஞ்சாங்க. சாதா மண்ணெண்ணெய் விளக்கு, அதோட சிம்னிக்கு மேல உலோகத் தகடா சுத்தி நீட்டிட்டு இருக்கும், உள்ள தெர்மோகப்பிள் வரிசை. உள்பக்கம் விளக்குச் சூடு, வெளிப்பக்கம் தகடு வழியா ஆறிடும், அந்த வித்தியாசத்துலயே கரண்ட் வரும். சீபெக்ங்கற விஞ்ஞானி 1821ல கண்டுபிடிச்ச விஷயம்தான். ஃபிலமென்ட்டுக்கு நேரா குடுத்து, பிளேட்டுக்கு, கரண்ட்டை வேகமா விட்டு விட்டுக் குடுக்கற வைப்ரேட்டர் வெச்சு வோல்ட்டேஜ் ஏத்திருக்காங்க. ஒரே விளக்குல வெளிச்சமும் வந்து ரேடியோவும் பாடினா எப்படி இருந்திருக்கும்! எனக்கு ரொம்பப் பிடிச்ச மெஷின் இது.

பெரம்பூர்_பையன்
பாட்டி, ப்ரோ, ரெகுலர் சார், ரொம்ப தேங்க்ஸ். வால்வ் மேல டார்ச் அடிச்சுப் பாத்தேன், டி.கே.96, டி.எஃப்.96, டி.ஏ.எஃப்.96, டி.எல்.96ன்னு இருக்கு.

ரிச்சி_ஸ்ட்ரீட்_ரெகுலர்
அருமை, 90 வோல்ட் செட்தான். நாலு ஃபிலமென்ட்டும் சேந்து 1.4 வோல்ட்ல 125 மில்லி ஆம்பியர்தான், ஒரே ஒரு பெரிய டார்ச் செல்லு தாங்கும். 90க்கு 9 வோல்ட் சதுர பேட்டரி பத்தை சீரியஸ்ல கோத்துக்கங்க. அதுக்கு முன்னாடி டிஜிட்டல் மீட்டர்ல ஒவ்வொரு ஃபிலமென்ட்டும் உயிரோட இருக்கான்னு பாருங்க, பழைய முள் மீட்டர் வேண்டாம், அதோட கரண்ட்டுக்கே ஃபிலமென்ட் போயிடலாம். பழைய பேப்பர் கன்டென்சர், எலக்ட்ரோலிட்டிக் கன்டென்சர் எல்லாத்தையும் மாத்திடுங்க, ரிச்சி ஸ்ட்ரீட்லயே கிடைக்கும். பிளக்குல எந்த பின் எதுன்னு ஒயரைப் பிடிச்சுட்டுப் போய் வால்வ் சாக்கெட் வரைக்கும் பாருங்க, 90 வோல்ட் தப்பி ஃபிலமென்ட்டுக்குப் போச்சுன்னா நாலு வால்வும் ஒரே நேரத்துல அவுட். கையில பட்டாலும் 90 டிசி நல்லா அடிக்கும். உள்பக்கத்தை ஃபோட்டோ எடுத்துப் போடுங்க, பின் எது எதுன்னு சேந்து பாத்துடலாம்.