பொருள்: சாமக்கொடை மேடைக்கு டி.வி. குழு, ரூ.1,20,000 வேண்டும்

செயலாளர்:
வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் அனைவருக்கும் வணக்கம். நம் கோயில் திருவிழாவான ஆவணிக் கொடைக்குக் குடும்பவாரியாக வாங்கும் தலைக்கட்டு வரி போக, கலைநிகழ்ச்சிக்கென்று 1,20,000 தேவை. டி.வி.யில் பாட்டும் சிரிப்புமாக வருகிற குழு ஒன்றுக்கு முன்பணம் 25,000 கொடுத்தாயிற்று. நள்ளிரவுப் பூசையான சாமக்கொடை அன்று இரவு பத்து மணிக்கு மேடை. வில்லுப்பாட்டுக்கு இந்த வருஷம் ஓய்வு. நோட்டீசில் ‘சுப்பு ஆறுமுகம் நினைவு நகைச்சுவை இரவு’ என்று போட இளைஞர்கள் கேட்கிறார்கள். வீட்டுக்கு 3,000. வங்கிக் கணக்கு பழையதுதான்.

மஸ்கட்:
தம்பி, முன்பணம் யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்? குழுவுக்கு 80,000 என்று போனில் சொன்னீர்கள். மிச்சம் 40,000 எதற்கு? ஒலிபெருக்கியும் ஜெனரேட்டரும் கொடைச் செலவில் ஏற்கெனவே இருக்கின்றன. வேன், தங்குமிடம், சாப்பாடு அவர்கள் பொறுப்பா நம் பொறுப்பா என்று எழுதி வாங்கினீர்களா? மழை பெய்தால் முன்பணம் திரும்புமா? போன கொடையின் பந்தல் ரசீதே இன்னும் வரவில்லை. அதை மச்சினன் வீட்டுப் பந்தல் என்று விட்டுவிட முடியாது.

கீழத்தெரு, சிங்கப்பூர்:
கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். சுப்பு ஆறுமுகம் பெயரைப் போட்டுவிட்டு வில்லுக்கு ஓய்வு கொடுப்பீர்களா? நெல்லைச் சீமை மனுஷன், 1928இல் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்தவர். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் கூப்பிட்டுச் சென்னைக்குப் போனார். கலைவாணரே வில்லுப்பாட்டிலிருந்து வந்தவர்தான். சுப்பு ஆறுமுகம் படங்களுக்கு நகைச்சுவைப் பகுதி எழுதினார், நாகேஷுக்கும் எழுதினார். வானொலி, தூர்தர்ஷன் என்று எங்கே போனாலும் வில்லோடுதான் போனார். 2021இல் பத்மஸ்ரீ, அடுத்த வருஷம் அக்டோபரில் போய்ச் சேர்ந்தார். மகள் பாரதி திருமகன் இன்றைக்கும் வில்லுப் பாடுகிறார்.

சிரிப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வில்லுக்குள்ளேயே அது இருக்கிறது. வில்லடித்துக் கதை பாடும் புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கப்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுவார். அந்த ஆமாவைச் சந்தேகமாகப் போட்டால் ஒரு சிரிப்பு, அரை விநாடி பிந்திப் போட்டால் இன்னொரு சிரிப்பு. விடிய விடிய ஓடும் கதையை அரைமணிக்குள் அடக்க வேண்டிய டி.வி.யில் பிழைத்து நிற்பது இந்தக் கேள்வி-பதில்தான். வர்ணனையெல்லாம் முதலில் வெட்டுப்படும்.

சாமக்கொடை கச்சேரி இல்லை. சாமியாடி முகத்தைப் பார்த்துப் புலவர் கதையை எந்த இடத்திலும் நிறுத்திவிட்டு, சாமியை வரவழைக்கும் வரத்துப் பாட்டுக்குத் தாவ வேண்டும். வசனம் நின்று, உடுக்கும் குடமும் வேகம் பிடிக்கும். சாமி நிலைக்கு வரும்வரை இறங்கக் கூடாது. டி.வி. குழு பதிவு செய்த பின்னணி இசையோடு வரும். ட்ராக் நாலு நிமிஷம் என்றால் சாமி நாலு நிமிஷத்துக்குள் வந்துவிட வேண்டுமா? அவர்களை மறுநாள் மஞ்சள் நீராட்டு முடிந்து சாயங்காலம் வையுங்கள். கைதட்டுவோம்.

மேலத்தெரு, பெங்களூர்:
போன வாரம் ஊருக்குப் போன மயினி கோயில் சாமான்கள் வைக்கும் உக்கிராண அறையைப் பார்த்துவிட்டு வந்து சொன்னதை எழுதுகிறேன். வில் சுவரோரம் செங்குத்தாகச் சாய்ந்து கிடக்கிறதாம். தோல் நாணுக்குப் பதில் நைலான் கயிறு. வில்லில் கட்டிய மணி பாதியைக் காணோம். குடத்துக்குப் பதில் பிளாஸ்டிக்.

பனை வைரத்தில் செய்த பத்தடி வில்லைச் செங்குத்தாகச் சாத்தினால் ஒரு பக்கம் வளைந்துவிடும், பிறகு குடத்தின் மேல் நேராக உட்காராது. நாணைத் தளர்த்தி, இரண்டு முனையும் நடுவும் தாங்குகிற மாதிரி கிடத்திவைக்க வேண்டும். நாணை அடிக்கும் வீசுகோலுக்கு நைலான் நெகிழும், அதிர்வு மணிக்குப் போகாது. அப்புறம் மணி இருந்தும் பயனில்லை. மாட்டுத்தோலை முறுக்கிக் கட்டியதுதான் சரி. ஈரக்காற்றில் அது தளரும், ஆகவே நிகழ்ச்சிக்கு முன்னால் வெயில் காட்டி இழுத்துக் கட்ட வேண்டும். குடம் சமையல் பானை அல்ல. வாய் குறுகி, சுவர் கனத்து, ஒரே சீராக வெந்திருக்க வேண்டும். கீறல் விழுந்தால் ஓசை செத்துவிடும். அடியில் வைக்கோலை வளையமாகச் சுற்றிய புரிமணை, கழுத்தோடு சேர்த்து வில்லின் நடுக்கட்டு. பாளையில் செய்த பத்தி என்னும் தட்டியால் குடவாயில் அடிக்கும்போது காற்று வெளியே தள்ளும். மைக்கைக் குடவாய்க்கு நேரே வைத்தால் வெறும் ‘பொம்’தான் கேட்கும், கூவவும் செய்யும். ஒரு முழம் தள்ளிப் பக்கவாட்டில் வைக்கச் சொல்லுங்கள்.

மஸ்கட்:
நாண், மணி, குடம் எல்லாம் சேர்த்து எவ்வளவு? தனித்தனி விலைப்பட்டியல் வேண்டும். தோல் யார் வாங்கித் தருவார்?

செயலாளர்:
மஸ்கட் அண்ணாச்சி, முன்பணம் என் கைக்காசு, சங்கப் பணம் இல்லை. பந்தல் ரசீது உங்கள் தம்பியிடம்தான் இருக்கிறது, அவரைக் கேளுங்கள். குழுவிடம் தேதி மாற்றப் பேசுகிறேன். மாற்ற மாட்டோம் என்றால் 25,000 போச்சு, அதை யாரும் எனக்குத் தர வேண்டாம். குடத்துக்கு, அதை வனையும் வேளாரிடம் இன்றே சொன்னால்தான் அடுத்த சூளையில் வைப்பார். தொகை நாளை எழுதுகிறேன்.