முகூர்த்தத்துக்கு வெள்ளைச் சட்டை, டபுள் வேட்டி: எதைப் பார்த்து வாங்குறது?

கோவிலூரான்:
தையில வரிசையா முகூர்த்தம், பங்காளி வீட்டுல சாந்திக் கலியாணமும் (அறுபதாம் கல்யாணம்) வருது. வெள்ளை முழுக்கைச் சட்டை ரெண்டு, டபுள் வேட்டி ரெண்டு எடுக்கணும். சட்டையை பேன்ட்டுக்கும் போடுற மாதிரி இருந்தா நல்லது. காரைக்குடிக் கடையில "100 கவுன்ட்"னு காட்டுறாங்க, தொட்டா மொடமொடன்னு இருக்கு. ஒரு கடையில "கண்டாங்கி வேட்டி"ன்னே சொன்னாங்க. எதை நம்புறது?

பாவும்_ஊடையும்:
மொடமொடப்பு துணியோட குணம் இல்ல தம்பி, கஞ்சி. வேட்டியோட ஒரு மூலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வெச்சு நல்லாக் கசக்குங்க. வெள்ளைப் பொடி உதிர்ந்து அந்த இடம் மட்டும் சல்லடையாத் தெரிஞ்சா, முதல் துவைப்புலயே வேட்டி தொளதொளத்துடும். அடுத்தது வெளிச்சத்துக்கு நேராப் பிடிச்சுப் பாருங்க. பாவு (நீளவாக்கு நூல்), ஊடை (குறுக்கு நூல்) ரெண்டும் ஒரே நெருக்கமா இருக்கணும், கோடு கோடா இடைவெளி தெரியக்கூடாது.

கவுன்ட்னா நூலோட மென்மையைச் சொல்ற நம்பர், கூடக் கூட நூல் மெல்லிசு. அந்த எண்ணை மட்டும் கேட்டா பாதி விவரம்தான். ஒத்தை நூலா, ரெட்டை முறுக்கான்னு கேளுங்க. 2/100னா ரெண்டு 100ஆம் நம்பர் நூலை முறுக்கினது, கனத்துல 50க்குச் சமம். ஒத்தை 100 மெல்லிசு, வெள்ளையில உள்ள இருக்கிறதெல்லாம் வெளிய தெரியும். கல்யாணத்துல பந்திக்கு உட்கார்ந்து எழுந்திருக்கிற வேட்டிக்கு 2/100, 2/120 மாதிரி ரெட்டை முறுக்குதான் சரி.

அளவையும் டேப் வெச்சுப் பாருங்க. டபுள்னு போட்டு 3.60 மீட்டரும் வரும், 4 மீட்டரும் வரும். இடுப்பு பெருசுன்னா 3.60 கொசுவத்துக்குப் பத்தாது. அகலம் 1.27 மீட்டர் வழக்கம். உயரமான ஆளா இருந்தா கட்டிப் பார்த்துட்டே எடுங்க.

கண்டாங்கிங்கிறது காரைக்குடித் தறியில நெய்யுற சேலையோட பேரு, 2019ல புவிசார் குறியீடு கிடைச்சதும் அந்தச் சேலைக்குத்தான். வேட்டிக்கு அந்தப் பேரை ஒட்டுறது வியாபாரம்.

காஜா:
சட்டைக்கு வர்றேன். ஒரே சட்டை வேட்டிக்கும் பேன்ட்டுக்கும் ஒத்துவராதுங்க. வேட்டிக்கு மேல தொங்கவிடுற சட்டைக்குக் கீழ்ப்பக்கம் நேரா வெட்டி, ரெண்டு பக்கமும் சின்ன ஓப்பன் வைக்கணும். உள்ள விடுற சட்டைக்குக் கீழ்ப்பக்கம் வளைவா வெட்டுற ஆப்பிள் கட், நீளமும் ரெண்டு இஞ்சு கூட. அதைத் தொங்கவிட்டா நைட்டி மாதிரி இருக்கும், நேர்வெட்டை உள்ள விட்டா கையைத் தூக்கும்போதெல்லாம் வெளிய வந்துடும். ரெண்டு சட்டையில ஒண்ணு இப்படி, ஒண்ணு அப்படின்னு தைங்க.

58 இஞ்சு பன்னான்னா (துணியோட அகலம்) முழுக்கைக்கு 1.60 மீட்டர், 36 பன்னான்னா ரெண்டரை. வெட்டுறதுக்கு முன்னாடி துணியை ராத்திரி முழுக்க நனைச்சு, நிழல்ல காயவெச்சு இஸ்திரி போட்டுக் குடுங்க. பருத்தி நூத்துக்கு 3 முதல் 5 வரைக்கும் சுருங்கும், தைக்கிற பாலியஸ்டர் நூல் சுருங்காது. நனைக்காம தைச்சா தையல் ஓரமெல்லாம் நெளிநெளியா நிக்கிறது அதனாலதான்.

டெய்லர்கிட்ட மூணு விஷயம் பேசிடுங்க. இஞ்சுக்குப் பதினாலு தையலாவது வேணும், வேகத்துக்குப் பத்தோட நிறுத்துறாங்க. பாப்ளின் மாதிரி மெல்லிய சட்டைத் துணிக்கு 11ஆம் நம்பர் ஊசி, 16 போட்டா ஓட்டை தெரியும். பக்கத் தையலை ஓவர்லாக்கோட (ஓரம் பிரியாம நூல் சுத்துறது) விடாம மடிச்சு ரெட்டைத் தையலாப் போடச் சொல்லுங்க, கூலி கூடும், குடுத்துடுங்க.

காலர்தான் முக்கால்வாசிச் சட்டையைக் கெடுக்குது. காலர் விறைப்பா நிக்க உள்ள வெச்சு ஒட்டுற கேன்வாஸை இஸ்திரிப்பெட்டியால தேய்ச்சு ஒட்டினா சூடும் அழுத்தமும் ஒரே சீரா விழாது. நாலஞ்சு துவைப்புல காலர் கொப்புளம் கொப்புளமா எழும்பும், அதை அப்புறம் சரி பண்ண முடியாது. சூடும் அழுத்தமும் சீராக் குடுத்து ஒட்டுற பியூசிங் மெஷின் இருக்கிற கடையாப் பாருங்க. இல்லாட்டி ஒட்டாத பருத்திக் கேன்வாஸை நனைச்சுச் சுருக்கிட்டு உள்ள வெச்சுத் தைக்கச் சொல்லுங்க. கழுத்துல ரெண்டு விரல் நுழையுற அளவு விடணும்.

பாவும்_ஊடையும்:
ஊசியைப் பத்திச் சொன்னது ரொம்பச் சரி. கனமான ஆக்ஸ்போர்டுத் துணியைக் காட்டுவாங்க, அழகாத்தான் இருக்கும். நம்ம ஊரு மத்தியானத்துக்கு வேண்டாம், பாப்ளினே போதும். கலப்படச் சந்தேகம் இருந்தா ஓரத்துல ஒரு நூலை உருவிக் கொளுத்துங்க. பருத்தின்னா காகிதம் எரிஞ்ச வாசம், சாம்பல் தொட்டா உதிரும். பாலியஸ்டர் உருகி மணியாக் கெட்டிப்படும்.

கோவிலூரான்:
நன்றிண்ணே. துவைக்கிறதுல? போர் தண்ணியில வெள்ளை ரெண்டு மாசத்துல பழுத்துடுது.

காஜா:
தண்ணியில இரும்பு இருந்தா பிளீச்சிங் பக்கமே போகாதீங்க. குளோரின் அந்த இரும்பைத் துருவாக்கித் துணியில உட்கார வெச்சுடும். கடைசி அலசலை மழைத் தண்ணியிலயோ கேன் தண்ணியிலயோ பண்ணுங்க, நீலம் அதுக்கப்புறம். செம்மண் பட்டா ஈரத்தோட தேய்க்காம காயவிட்டு உதறிட்டு சோப்பு போடுங்க. மிச்சக் கறைக்கு எலுமிச்சைச் சாறு அரைமணி நேரம்.

வேட்டியைக் கஞ்சியோட பீரோவுல வைக்காதீங்க. மடிப்புல பழுக்கும், இராமபாணப் பூச்சி கஞ்சிக்குன்னே வந்து அரிக்கும். அலசி வெச்சுட்டு, கட்டுறதுக்கு முந்தின நாள் கஞ்சி போட்டாப் போதும்.