பால்வெட்டும் அம்மாவுக்குத் தேனும் காடியும்

கேள்வி (குலசேகரம்)
அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறார். இருட்டிலேயே கட்டன் சாயா குடித்துவிட்டுத் தலைவிளக்குடன் கிளம்பினால், பாலெடுத்து ரப்பர் ஷீட் அடித்து வீடு திரும்ப மதியமாகிவிடுகிறது. இந்தச் சித்திரை வெயிலில் வந்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடுகிறார். கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கிறது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வயலில் புல் அறுத்தவர்கள் தண்ணீரில் காடி (வினிகர்), இஞ்சி, கரும்புப்பாகு அல்லது தேன் கலந்து ‘ஸ்விட்செல்’ என்று குடித்தார்களாம். அம்மாவுக்குக் கொடுத்தனுப்பலாமா? அளவு என்ன?

மறுமொழி (மார்த்தாண்டம், தேன்பெட்டி வைத்திருப்பவன்)
தாராளமாகக் கொடு மக்களே. கிரேக்கர்கள் இதை ‘ஆக்சிமெல்’ என்றார்கள். புளிப்பும் தேனும் என்றுதான் பொருள். யுனானி வைத்தியத்தில் சிக்கஞ்சபீன்.

தேனுக்கு வெகுதூரம் போக வேண்டாம். இலையுதிர்ந்து ரப்பர் தளிர்விடும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்பில் சேரும் இடத்தை உற்றுப் பார். சின்னச் சுரப்பிகளில் ஈரம் மினுங்கும். பூவைவிட அங்குதான் தேனீக்கள் மொய்க்கும். உன் அம்மா வெட்டும் மரம் தரும் தேன் அது! சீக்கிரம் உறைந்து மணல்போல் ஆகிவிடும். சீனி கலந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதே; அந்தப் பழியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது.

காடி, தென்னங்கள் புளித்ததாக இருக்கட்டும். கடையில் வாங்கினால் சீட்டைப் படி. அசெட்டிக் அமிலத்தில் செய்தது என்றிருந்தால் திருப்பி வைத்துவிடு.

1 லிட்டர் தண்ணீருக்குக் காடி 2 மேசைக்கரண்டி, தேன் 3, தட்டிய இஞ்சி ஒரு துண்டு, உப்பு 2 சிட்டிகை. உப்பை விட்டுவிடாதே, வியர்வையோடு போவது அதுதான். அலுமினியத்திலோ பித்தளையிலோ ஊற்றி வைக்காதே.

மறுமொழி (குளச்சல்)
அம்மாவுக்கு வயிற்றுப்புண் இருந்தால் கொடுக்க வேண்டாம். சர்க்கரை நோய் இருந்தால் தேனும் சர்க்கரைதான், மறந்துவிடாதீர்கள். வெறும் வயிற்றில் ஆகாது. கொஞ்சம் பழங்கஞ்சி உள்ளே போனபிறகு குடிக்கட்டும். எங்கள் பக்கம் என்றால் இந்நேரம் அக்கானி (பதநீர்) இருக்கிறது, நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். கால் சுருட்டுவது நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேட்டவர்
புண்ணும் இல்லை, சர்க்கரையும் இல்லை. மூன்று நாளாகக் கொடுத்தனுப்புகிறேன். தொண்டையைப் பிடிக்கிறது என்றார். காடியை ஒன்றரைக் கரண்டியாகக் குறைத்தேன். நேற்று இரவு ஒருமுறை கால் சுருட்டியது. இன்று படியில் உட்காராமல் நேரே கிணற்றடிக்குப் போய்க் கை கால் கழுவினார். பாட்டில் காலி. பக்கத்து நிரையில் வெட்டும் மாமிக்கும் பங்கு போனதாம். நாளைக்கு ஒன்றரை லிட்டர் கலக்க வேண்டும்.