மலச்சிக்கல் வந்ததுக்கு அர்ச்சனை பண்ண கதை

கடலூர்க்காரன்:
எனக்கு 7 வருஷமா அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், பெருங்குடல்ல புண்ணு வந்து பேதியா போற வியாதி. இது இருக்கறவங்களுக்குத் தெரியும், கடலூர்ல இருந்து பாண்டி பஸ் ஏறுனா ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், தவளக்குப்பம்னு எந்த ஸ்டாப்புல எந்த ஹோட்டல்காரர் கேள்வி கேக்காம பாத்ரூம் விடுவாருன்னு அத்துபடியா இருக்கும்.

போன வருஷம், ஸ்டீராய்டு அடிக்கடி எடுத்ததால எலும்பு வீக்காயிருக்கும்னு ஒரு டாக்டர் டெஸ்ட் எழுதுனாரு. வைட்டமின் டி ரொம்ப கம்மி. வாரம் ஒரு பாக்கெட் 60,000 யூனிட் பால்ல கலக்கிக் குடிக்கணும், கூடவே தினம் கால்சியம் மாத்திரை. 5வது வாரம் வயிறு கட்டிக்கிச்சு. 7 வருஷம் பேதியில கெடந்தவனுக்கு மலச்சிக்கல்னா எப்படி இருக்கும் சொல்லுங்க, குணமாயிடுச்சுன்னு வீட்டம்மா பாடலீஸ்வரருக்கு அர்ச்சனையே பண்ணிட்டாங்க.

ஆனா தாகம்னா அப்படி ஒரு தாகம், ராத்திரி 5 தடவ ஒண்ணுக்கு, சோறு எறங்கல, அசதி வேற. சுகரோன்னு பாத்தா சுகர் நார்மல், கால்சியம் 12.8, கிட்னி எப்படி வேல செய்யுதுன்னு காட்டற கிரியேட்டினின் 2.1, ரெண்டுமே ஜாஸ்தி. லேப் பையன் நம்பாம மறுபடி ரத்தம் எடுத்து ஓட்டுனான், அதே நம்பர்.

எக்ஸ்ரேல நெஞ்சுல ரெண்டு பக்கமும் சமமா நெறி கட்டியிருந்துச்சு. டிபின்னுதான் மொதல்ல சொன்னாங்க. டிபி டெஸ்டுக்குன்னு கையில ஊசி போட்டு 3 நாள் கழிச்சு பாத்தா கொசு கடிச்ச தடிப்புகூட இல்ல. அப்பறம் பாண்டியில வாய் வழியா ட்யூப் விட்டு, அது நுனியில இருக்கற ஸ்கேன்ல பாத்துக்கிட்டே நெறிய ஊசியால குத்தி எடுத்தாங்க. கிரானுலோமா, அதாவது எதிர்ப்பு செல்லுங்க கூடி கட்டுன சின்னச் சின்ன முடிச்சு, இருக்கு, டிபில மாதிரி நடுவுல செத்துப்போன சதை இல்ல, டிபி கிருமிய தேடற ஜீன்எக்ஸ்பர்ட் டெஸ்ட்டும் நெகட்டிவ். சார்காய்டோசிஸாம், இந்த முடிச்சுங்க உடம்புல அங்கங்க கட்டற வியாதி. கொலைட்டிஸுக்கு சாப்புடற மெசலமின்கூட அபூர்வமா நுரையீரல்ல வேல காட்டும்னு அதையும் கொடஞ்சு கொடஞ்சு கேட்டுத்தான் முடிவுக்கு வந்தாங்க.

வைட்டமின் டி மேட்டர் இதான். அந்த கிரானுலோமா செல்லுங்க கிட்னிய கேக்காம தானாவே டி-ய வீரியமான டி-யா மாத்திக்கிட்டே இருக்கும். நாம பாக்கற டெஸ்ட் மாத்தறதுக்கு முந்துன ஸ்டாக்க மட்டும்தான் காட்டும், அது செலவாகி கம்மின்னு வரும், வீரியமானதுக்கு தனி டெஸ்ட். கம்மின்னு பாத்து மேல மேல ஊத்துனா கால்சியம் ஏறாம என்ன பண்ணும். மலச்சிக்கல், தாகம் எல்லாமே அந்தக் கால்சியத்தாலதான். பாக்கெட்ட நிறுத்தி, சலைன் ஏத்தி, பிரட்னிசலோன்ங்கற ஸ்டீராய்டு குடுத்ததும் கால்சியம் எறங்குச்சு. வெயில்லயும் ரொம்ப நிக்கக்கூடாதாம், கடலூர்ல இருந்துக்கிட்டு.

மஞ்சக்குப்பம் அக்கா:
தம்பி, எங்க வீட்டுக்காரருக்கு க்ரோன்ஸ், அதுவும் உன்னது மாதிரி குடல் புண்ணு வியாதிதான். சிறுகுடல் கடைசியில கிரானுலோமா இருந்துச்சு, நம்ம ஊர்ல டிபி ஜாஸ்தின்னு டிபி மாத்திரைதான் மொதல்ல குடுத்தாங்க, 3 மாசம் கழிச்சு திரும்ப கொலோனோஸ்கோபி பண்ணா புண்ணு அப்படியே இருக்கு, அப்பறம்தான் க்ரோன்ஸ்னே ஒத்துக்கிட்டாங்க. அந்த 3 மாசம் மனுஷன் பட்ட பாடு. ஆனா டிபி இருக்கறப்ப ஸ்டீராய்டு குடுத்துட்டா அது இன்னும் மோசமாமே, அவங்களயும் குத்தம் சொல்ல முடியல.

அரியாங்குப்பம் தம்பி:
அண்ணா எனக்கு தலைகீழ். க்ரோன்ஸுக்கு எதிர்ப்பு சக்திய அடக்கற அடாலிமுமாப் ஊசி போட்டுக்கிட்டிருந்தப்பதான் இருமலும் நெறியும் வந்துச்சு. ஊசியே சில பேருக்கு சார்காய்டு மாதிரி கெளப்பி விடுமாம், அதே ஊசியதான் சார்காய்டுக்கும் குடுப்பாங்களாம், என்னத்த சொல்ல. நிறுத்தி வேற மருந்துக்கு மாத்துனதும் நெறி சுருங்கிருச்சு. கண்ணு செக் பண்ணீங்களா? குடல் வியாதி, சார்காய்டு ரெண்டுமே கண்ண புடிக்கும்.

கடலூர்க்காரன்:
பண்ணியாச்சு தம்பி. 2 வருஷம் முன்ன கண்ணு செவந்து வெளிச்சம் பாத்தா வலிச்சப்ப மெட்ராஸ் ஐன்னு நானா மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்கி விட்டேன், அது யுவைடிஸா, அதாவது கண்ணுக்குள்ள வர அழற்சியா, இருந்திருக்கலாம்னு டாக்டர் இப்ப சொல்றாரு. ஸ்டீராய்டு 10 மில்லிகிராமுக்கு எறங்குனதும் வயிறு பழைய வேலைய ஆரம்பிச்சிடுச்சு. நேத்து கன்னியக்கோயில்ல எறங்குனா ஹோட்டல்காரர், என்ன சார் ஆளையே காணோம்ங்கறாரு.