நிறம் மாறியது, எண் மாறவில்லை: உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?

செய்முறைத் தேர்வு. மஞ்சள் நிறப் பொட்டாசியம் குரோமேட் கரைசலில் நீர்த்த கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். பளிச்சென்று ஆரஞ்சு நிறமானது. இவ்வளவு மாற்றம் தெரிகிறதே என்ற துணிச்சலில் ‘ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினை’ என்று எழுதி நீட்டினேன்; ஒன்று எலக்ட்ரானை இழக்க (ஆக்சிஜனேற்றம்), இன்னொன்று அதைப் பெறும் (ஒடுக்கம்) வினை அது. தேர்வாளர் கேட்டார்: “ஆக்சிஜனேற்றம் அடைந்தது எது?” குரோமியம் என்றேன். “அப்படியானால் ஒடுக்கம் அடைந்தது?” விழித்தேன். அவர் தாளைத் திருப்பிக் கொடுத்து ஆக்சிஜனேற்ற எண்ணைப் போடச் சொன்னார், அதாவது ஓர் அணு எத்தனை எலக்ட்ரானை இழந்ததாக (+) அல்லது பெற்றதாக (-) கொள்கிறோம் என்ற கணக்கை. குரோமேட்டில் ஆக்சிஜன் நான்கு, ஒன்றுக்கு -2, ஆக மொத்தம் -8. அயனியின் மின்சுமை -2. எனவே குரோமியம் +6. ஆரஞ்சு நிற டைகுரோமேட்டில் ஆக்சிஜன் ஏழு, -14, மின்சுமை -2, இரண்டு குரோமியத்துக்கும் சேர்த்து +12, ஒன்றுக்கு +6. அங்கேயும் ஆறு, இங்கேயும் ஆறு. எலக்ட்ரான் எதுவும் கைமாறவே இல்லை. மதிப்பெண் போனது இருக்கட்டும், அந்த ஆரஞ்சு நிறத்தின் மேல் இன்றும் எனக்குக் கோபம்தான். உங்களை எது ஏமாற்றியது?

*

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிர். தாமிர சல்பேட்டையும் பொட்டாசியம் அயோடைடையும் கலந்தால் என்ன ஆகும்? இரண்டு உப்புகளும் அயனிகளை மாற்றிக்கொள்ளும் சாதாரண இரட்டை இடப்பெயர்ச்சி, தாமிர அயோடைடு வீழ்படிவாகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சமன்பாடு எழுதிவிட்டேன். குழாயிலோ சேறு கலக்கியதுபோல் ஒரே பழுப்பு. உப்பு கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்து இரண்டாம் முறை செய்தேன், அதே சேறு. பிறகு அயோடினின் நிறத்தைப் போக்கும் தயோசல்பேட் ஊற்றியபோது பழுப்பு மறைந்து, அடியில் வெள்ளைப் பொடி நின்றது. அந்த வெள்ளைதான் குப்ரஸ் அயோடைடு. பழுப்பு, அயோடின்.

தாமிரம் +2-இலிருந்து +1-க்கு இறங்கியிருக்கிறது. அயோடின் -1-இலிருந்து பூஜ்ஜியத்துக்கு ஏறியிருக்கிறது, ஆனால் எல்லாம் அல்ல. இரண்டு தாமிர அயனிக்கு நான்கு அயோடைடு செலவானால் அவற்றில் இரண்டு மட்டுமே எலக்ட்ரானை இழக்கின்றன. மற்ற இரண்டும் -1 ஆகவே வீழ்படிவில் உட்கார்ந்துகொள்கின்றன. ஒரே தனிமத்தில் பாதி ஒரு வழி, பாதி மறு வழி. எண்ணை அணு வாரியாக எழுதிப் பார்த்த பிறகுதான் சமன்பாடு எனக்கு வசப்பட்டது.

*

தரம்பார்த்தலில், அதாவது ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொன்றின் அளவைக் கண்டறிவதில், மாட்டிக்கொண்டவன் நான். இரும்பு(II) உப்புக் கரைசலுக்கு எதிராகப் பெர்மாங்கனேட். மேசையில் கந்தக அமிலம் தீர்ந்துபோயிருந்தது. அமிலம் அமிலம்தானே என்று ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினேன். அளவி (பியூரெட்) காட்டிய பெர்மாங்கனேட் செலவு ஒவ்வொரு முறையும் அதிகமாகவே வந்தது. மாங்கனீஸ் +7-இலிருந்து +2-க்கு இறங்க ஐந்து எலக்ட்ரான் வேண்டும். அதை இரும்பிடம் மட்டுமே வாங்கும் என்று நான் நம்பியிருந்தேன். -1 நிலையில் குளோரைடும் பக்கத்திலேயே இருந்தது. அதிலிருந்தும் கொஞ்சம் பறித்துக்கொண்டு, அதைக் குளோரினாக்கிவிட்டது. கந்தக அமிலத்தில் கந்தகம் ஏற்கெனவே +6. அதற்கு மேல் இழக்க அதனிடம் ஒன்றுமில்லை.

*

நான் பாடம் எடுப்பவள். ‘ஆக்சிஜன் என்றால் -2’ என்று மனப்பாடம் செய்துகொண்டு வருபவர்களோடு ஆண்டுதோறும் மல்லுக்கட்டுகிறேன். ஹைட்ரஜன் பெராக்சைடு சிதைவதை ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினை அல்ல என்கிறார்கள்; ஒரே சேர்மம்தானே, யாருக்கு யார் கொடுப்பது என்று கேட்கிறார்கள். அங்கே ஆக்சிஜன் -1. சிதைந்தபின் நீரில் -2, வாயுவில் 0. தனக்குத் தானே கொடுக்கல் வாங்கல்!

ஆனால் அந்த -2 விதியால் நானே அடி வாங்கியதையும் சொல்லிவிடுகிறேன். டைகுரோமேட்டோடு அமிலமும் பெராக்சைடும் சேர்த்தால் ஈதர் அடுக்கில் அழகான நீல நிறம் ஏறும். அந்தச் சேர்மத்தில் ஒரு குரோமியத்துக்கு ஐந்து ஆக்சிஜன். கரும்பலகையில் கணக்குப் போட்டு, +10 என்று எழுதி அடிக்கோடும் இட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி, “குரோமியத்திடம் பிணைப்புக்கு உதவும் இணைதிற எலக்ட்ரான்களே ஆறுதானே?” என்றாள். அந்த ஐந்தில் நான்கு, இரண்டிரண்டாகத் தங்களுக்குள் பிணைந்த பெராக்சைடு வகை, ஆளுக்கு -1. ஒன்று மட்டும் -2. ஆகவே +6 தான். இதுவரை சோதனையில் உறுதியான உச்ச எண்ணே இரிடியத்தின் +9. அதுவும் 2014-இல் தெரியவந்தது. நான் போகிற போக்கில் அதை மிஞ்சிவிட்டேன்.

*

முதல் பதிவு எழுதியவர் நான்தான். டீச்சர், அந்த நீலச் சேர்மமும் தொடங்குவது என் ஆரஞ்சு டைகுரோமேட்டிலிருந்துதானே? குரோமியம் +6-இலிருந்து +6. பெராக்சைடு ஆக்சிஜனும் -1 ஆகவே இருக்கிறது. அப்படியானால் ஆரஞ்சு நீலமாவதும் ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினை இல்லை. மறுபடியும் நிறத்தைப் பார்த்து விழுந்திருப்பேன்.