புதுப்பிப்பு: சிங்கப்பூரிலிருந்து ரங்கூனுக்கு வரும் பணமும் பிடித்தங்களும்

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் எவ்வளவு பிடித்தம் ஆகும் என்று இந்த இழையில் முன்பு கேட்டிருந்தேன். விசாரித்து அறிந்தவற்றை இங்கே சேர்க்கிறேன்.

2023 செப்டம்பரில் மியன்மார் ராணுவ அரசிடமிருந்து வந்த 25 விழுக்காட்டு உத்தரவையும், அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் வெளிநாட்டுச் சம்பளத்தின் மீது நடைமுறைக்கு வந்த வருமான வரியையும் பலர் ஒன்றாகவே எண்ணுகிறார்கள். முன்னது வரி அல்ல. சம்பளத்தில் கால் பங்கை அங்கீகரிக்கப்பட்ட வங்கி வழியாகவே ஊருக்கு அனுப்ப வேண்டும் என்னும் கட்டாயம். பின்னதுதான் கையை விட்டுப் போகும் பணம். தம்பி கடவுச்சீட்டைப் புதுப்பிக்கப் போனபோது முதலில் கேட்கப்பட்டதும் அந்த வரி கட்டிய ரசீதுதான்.

ஆனாலும் குடும்பத்துக்குப் பெரிய இழப்பு வரியிலோ அனுப்பும் கட்டணத்திலோ இல்லை, மாற்று விகிதத்தில் இருக்கிறது. மியன்மார் மத்திய வங்கி அறிவிக்கும் அதிகாரபூர்வக் குறிப்பு விகிதம் அமெரிக்க டாலருக்கு 2100 கியாட் (மியன்மார் நாணயம்) என்று நின்றிருக்க, வெளிச்சந்தையில் 2023-லேயே அது 3000-ஐத் தாண்டிவிட்டது. 100 டாலரைக் குறிப்பு விகிதத்தில் மாற்றினால் 2,10,000 கியாட். சந்தை விலையை 3000 என்று குறைத்து வைத்தாலும் 90,000 கியாட் துண்டு விழுகிறது. ஆகவே கட்டணம் எவ்வளவு என்று கேட்பதைவிட, அம்மாவின் கையில் எத்தனை கியாட் சேரும் என்று முன்கூட்டியே கேட்பது மேல்.

உண்டியல் வழியை, அதாவது வங்கியில்லாமல் தரகர் மூலம் பணம் அனுப்புவதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: அது சட்டவிரோதம் என்பது ஒருபுறமிருக்க, அதற்கு ரசீது கிடையாது, கால் பங்கு அனுப்பியதைக் காட்ட முடியாதவருக்கு, ஒப்பந்தம் முடிந்தபின் மூன்று ஆண்டுகள் வெளிநாட்டு வேலைக்குத் தடை உண்டு. தம்பி அந்தக் கால் பங்கை வங்கியிலேயே அனுப்புகிறான். மீதியைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை.