குரல்கள் அடங்கிய பிறகும் மறதி, தடுமாற்றம்: மனச்சிதைவில் அறிதிறன் பயிற்சியை எப்படிச் செய்வது?

கயல்:
வணக்கம். மறுவாழ்வு மையத்தில் பயிற்சி தருபவர்களுக்கான கேள்வி இது. மனச்சிதைவுக்கு (ஸ்கிசோஃப்ரினியா) மாத்திரை ஒழுங்காகப் போய், இல்லாத குரல் கேட்பதும் சந்தேகமும் அடங்கிவிட்டவர்களில் பலர் மூன்று வேலையைச் சேர்த்துச் சொன்னால் முதல் வேலையோடு நின்றுவிடுகிறார்கள். வீட்டில் "சோம்பேறி" என்று பெயர் வாங்குகிறார்கள். மூளைப் பயிற்சி ஆப் ஒன்று போட்டுக் கொடுத்தால் போதுமா? எதில் தொடங்குவது, வாரத்துக்கு எவ்வளவு நேரம்? இதற்கு மருந்து உண்டா?

உளவியலர்_ரா:
முதலில் வீட்டாரிடம் பேசுங்கள். இது சோம்பல் இல்லை, நோயின் ஒரு பகுதி. கவனம், வொர்க்கிங் மெமரி (கேட்டதைச் சிறிது நேரம் மனதில் வைத்துக் கையாளுவது), யோசிக்கும் வேகம், திட்டமிடுதல், எதிரில் இருப்பவரின் முகக்குறிப்பைப் படிப்பது ஆகிய அறிதிறன்கள் எல்லாமே பலருக்கு நோய் வெளிப்படும் முன்பே கொஞ்சம் இறங்கியிருக்கும். ஆன்டிசைக்கோட்டிக் மருந்து குரலை அடக்கும், இந்தக் குறையைப் பெரிதாகத் தொடாது.

பயிற்சிக்கு முன் ஒரு அளவு எடுத்துவையுங்கள். மனச்சிதைவில் அறிதிறனை அளக்கும் மேட்ரிக்ஸ் (MATRICS) தொகுப்பில் 10 தேர்வுகள், 7 திறன்கள். முடிக்க ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் உட்கார முடியாதவருக்கு பேக்ஸ் (BACS) என்ற சிறிய தொகுப்பு போதும், சுமார் 35 நிமிடம். மறு அளவீட்டில் அதே சொற்பட்டியலைக் கொடுக்காதீர்கள். மாற்று வடிவத்தை எடுங்கள், இல்லாவிட்டால் பழக்கத்தால் ஏறிய மதிப்பெண்ணை முன்னேற்றம் என்று எண்ணிவிடுவோம்.

சொல் நினைவுத் தேர்வில் ஒன்றை உற்றுப் பாருங்கள். 12 சொற்களை மூன்று முறை படித்துக் காட்டியும் ஐந்தாறுதான் ஏறுகிறது. ஆனால் ஏறியது 20 நிமிடம் கழித்தும் பெரும்பாலும் இருக்கிறது, மற்ற சொற்களோடு கலந்து கேட்டால் இன்னும் சிலவற்றை அடையாளம் காண்கிறார். மனச்சிதைவில் வழக்கமாகப் பார்ப்பது இதைத்தான்: சிக்கல் பதிய வைப்பதில். பதிந்ததும் சட்டென அழிகிறது, வாரத்துக்கு வாரம் மோசமாகிறது, காலையில் தெளிவு மாலையில் குழப்பம் என்று போகிறது என்றால் பயிற்சி பிறகு. முதலில் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

ஆக்குபேஷனல்_தெரபி:
ஆப் மட்டும் கொடுத்தால் அந்த ஆப்பில் தேறுவார், அவ்வளவுதான். 130 ஆய்வுகளைத் திரட்டி 2021-இல் வெளிவந்த அலசலில் அறிதிறனுக்கும் அன்றாடச் செயல்பாட்டுக்கும் சிறிய அளவில், ஆனால் உறுதியான பலன் தெரிந்தது. பயிற்சி பெற்ற ஒருவர் கூடவே இருப்பது, உத்திகளை முறையாகச் சொல்லித் தருவது, மறுவாழ்வுப் பணியோடு சேர்த்து நடத்துவது ஆகியவை இருந்த இடங்களில் பலன் கூடியது.

வாரம் 2 அல்லது 3 அமர்வு, ஒவ்வொன்றும் 45 முதல் 60 நிமிடம், 3 முதல் 6 மாதம் என்பது பொதுவான அளவு. தொடக்கத்தில் 20 நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். பத்துக்கு எட்டு சரியாக வரும் நிலையில் கடினத்தை வையுங்கள். தொடர்ந்து பத்துக்குப் பத்து வந்தால் ஒரு படி ஏற்றலாம். பாதிதான் சரியாகிறது என்றால் உடனே இறக்குங்கள், ஏனென்றால் இவர்களில் பலருக்குத் தவறாகச் செய்ததே மனதில் தங்கிவிடும், ஊக்கமும் போய்விடும்.

திரையில் பாதி நேரம் போனால் போதும். மீதி நேரம் பேச்சுக்கு. பட்டியல் பயிற்சியையே எடுத்துக்கொள்வோம். முடிந்ததும் "எப்படி நினைவில் வைத்தீர்கள்?" என்று கேளுங்கள். "சும்மா பார்த்தேன்" என்பார். சொற்களை வகை வகையாகப் பிரித்து, வாய்விட்டுச் சொல்லி, மறுபடி செய்யச் சொல்லுங்கள். இரண்டு மதிப்பெண்ணையும் பக்கத்தில் எழுதிக் காட்டினால் அவருக்கே வித்தியாசம் புரியும். அதே வாரம் அந்த உத்தியைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும்: முதலில் 4 பொருள், சீட்டு கையில். அடுத்து அதே 4 பொருள், சீட்டு சட்டைப்பையில், ஒரே ஒருமுறை பார்க்கலாம். அது கைவந்த பிறகு 6.

கயல்:
நன்றி. திரையில் மதிப்பெண் ஏறியும் வீட்டில் மாற்றம் இல்லை என்றால் எங்கே தேடுவது?

ஆக்குபேஷனல்_தெரபி:
பெரும்பாலும் இடமும் கடினமும் ஒரே நேரத்தில் மாறியிருக்கும். அமைதியான அறையில் 6 பொருள் வந்தது என்று கூட்டமான கடையில் 8 கேட்டால் எது தோற்றது என்றே தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இன்னொரு காரணம், இலக்கை நாம் தேர்ந்தெடுத்திருப்போம். "வேலைக்குப் போகணும்" என்று அவர் சொன்னால், அந்த வேலையில் வரும் ஒரு செயலிலிருந்து பயிற்சியைக் கட்டுங்கள்.

மனநல_மருத்துவர்:
இந்தக் குறைக்கென ஒப்புதல் பெற்ற மருந்து இல்லை. நம்பிக்கையோடு பார்க்கப்பட்ட ஐக்லிபெர்டினும் மூன்றாம் கட்ட ஆய்வுகளில் இலக்கை எட்டவில்லை. 2025 தொடக்கத்தில் அறிவித்தார்கள். ஆனால் இருக்கிற மருந்துச் சீட்டில் செய்ய வேண்டியது உண்டு. நடுக்கம், இறுக்கத்துக்காகக் கொடுத்த டிரைஹெக்சிஃபெனிடில் தேவை முடிந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். அது நினைவாற்றலை நேரடியாக மழுங்கடிக்கும். தூக்கத்துக்கான பென்சோடயசபைனும் அப்படித்தான். இவற்றை வீட்டிலேயே நிறுத்திவிடக் கூடாது; சட்டென நிறுத்தினால் டிரைஹெக்சிஃபெனிடிலில் இறுக்கம் திரும்பலாம், பென்சோடயசபைனில் வலிப்புகூட வரலாம். மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். கூடவே தைராய்டு, பி12, சர்க்கரை பாருங்கள். எடை கூடி, பலமாகக் குறட்டை விட்டு, பகலில் தூங்கி விழுந்தால் தூக்க மூச்சுத்தடையைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

மூச்சு வாங்கும் அளவு நடையோ சைக்கிளோ அறிதிறனுக்கு உதவுகிறது, ஒருவர் கூட இருந்து செய்ய வைத்தால் பலன் கூடுதல்.

உளவியலர்_ரா:
திறன் ஏறும்வரை வீட்டில் துணைக் கருவிகளை வையுங்கள். வெறும் மணியடிக்கும் அலாரத்தால் பயனில்லை, அடித்ததும் "இப்போது குளிக்கணும்" என்று சொல்ல வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே கட்டளை. அதை அவர் திருப்பிச் சொன்ன பிறகே அடுத்தது. சுவரில் ஒட்டிய குறிப்பு சில வாரத்தில் கண்ணில் படாமல் போய்விடும், நிறத்தையும் இடத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள்.